குறைந்த செலவில் ராலி காரின் எஞ்சினை டியூன் செய்வது எப்படி?

டியூனிங் என்பது எஞ்சினுக்குள் காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் சேரும்படி அமைப்பது. அமெச்சூர் ரோடு ராலிக்கு வருபவர்கள் கையிலிருக்கும் பணத்தை முதலில் இதற்குத்தான் செலவிட வேண்டும். புது பாகங்கள் அப்புறம்.

ஏனென்றால், ஓடித் தேய்ந்த எஞ்சின் தன் பழைய சக்தியையே முழுதாகத் தராது. முதலில் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தைப் பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வு, பிஸ்டன் ரிங்கைக் கவனிக்காமல் வேறெதையும் தொடாதீர்கள். சரியாக இருந்தால் வால்வு இடைவெளி, ஏர் ஃபில்டர், தீப்பொறி தரும் பிளக். கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) உள்ள வண்டியில் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள், நிறையச் சொல்லும். வெளிர் பழுப்பு நிறம் என்றால் கலவை சரி. கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை. இதுதான் ஆபத்து, எஞ்சின் சூடேறி பிஸ்டனே உருகலாம்.

அடுத்து இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி வரும் நேரம். ஊஞ்சல் ஆட்டுவது போலத்தான் இது. திரும்பும் கணத்தில் லேசாகத் தள்ளினாலே உயரப் போகும். நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும். தீப்பொறி ரொம்ப முன்னதாக வந்தால் பிஸ்டனுக்கும் அதே கதி, 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்கும். தீப்பொறி வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவில் நிறுத்துங்கள்.

அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டாலே சக்தி கூடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆக்டேன் எண் அந்தத் தட்டலைத் தாங்கும் திறனை மட்டுமே சொல்கிறது, அதனால் தட்டாத பழைய எஞ்சினில் செலவுதான் கூடும்.