மகள் கட்டடக்கலை படிக்கட்டுமா?

ஐந்து ஆண்டுகள் பி.ஆர்க். படித்துவிட்டு மகள் எப்போது சம்பாதிப்பாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. கட்டடக்கலை தாமதமாகக் காய்க்கும் மரம்; அதை மறைத்து உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை.

அவள் தன் அறைச் சுவரில் படமாக ஒட்டியிருப்பதாக நீங்கள் சொன்ன குளியல்கூடத்தையே எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தின் வால்ஸ் கிராமத்தில் அந்நாட்டுக் கட்டடக்கலைஞர் பீட்டர் சும்தோர் கட்டியது. 1996இல் அது திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 53. 1943இல் சுவிஸ் நகரமான பாசலில் தச்சர் வீட்டில் பிறந்தவர். முதலில் பழகியதும் மரவேலைதான். பிறகு பாசலிலும் நியூயார்க்கிலும் வடிவமைப்பு படித்தார். அடுத்த பத்தாண்டுகள் கிராபுண்டன் மாநிலத்தின் தொன்மைப் பாதுகாப்புத் துறையில் வேலை. ஹால்டன்ஸ்டைனில் சொந்த அலுவலகம் போட்டது 1979இல்தான்.

மரவேலையில் தொடங்கிய அந்த ஆண்டுகளை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். வால்ஸ் சுவர்களைப் பாருங்கள். கல் அதே ஊரில் வெட்டியது. மூன்று தடிமன்களில் அறுத்திருக்கிறார்கள்; எந்த வரிசையில் அடுக்கினாலும் மூன்றும் சேர்ந்து 15 சென்டிமீட்டர். இழைப்புளி பிடித்த கைக்கு வரும் கணக்கு இது.

தோல்வியும் உண்டு. பெர்லினில் நாஜிக் கொடுமைகளின் ஆவண மையத்துக்காக 1993இல் போட்டியில் வென்றார். செலவு எகிற, வேலை நின்றது. எழுப்பிய பகுதிகளையும் 2004இல் இடித்துவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்தது மண்ணோடு போவதைத் தாங்கும் நெஞ்சும் இந்தத் தொழிலுக்கு வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகரில் குண்டுவீச்சில் சிதைந்த தேவாலயத்தின் மேல் எழுந்த கொலும்பா அருங்காட்சியகம் 2007இலும், கட்டடக்கலையின் மிக உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு 2009இலும் வந்தன.

‘தச்சராகத் தொடங்கியவரே ஆர்க்கிடெக்ட் ஆகும்போது பட்டம் எதற்கு?’ என்று மகள் வாதாடினால் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் நாட்டில் கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்யாமல் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. பதிவுக்கு மன்றம் ஏற்ற பட்டம் வேண்டும். சேரும் கல்லூரிக்கு மன்றத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கட்டடக்கலை நுழைவுத் தேர்வான நாட்டாவின் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் ஒரு வேலை. இந்த விடுமுறையில் தெரிந்த தச்சுப்பட்டறைக்கு இரண்டு வாரம் அனுப்புங்கள். ஒரு முக்காலி செய்யட்டும். கால் ஆடினால் பிரித்து மறுபடி செய்கிறாளா, அப்படியே வைத்துவிட்டு வருகிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.