மெல்பர்னுக்கு வரும் தம்பிக்கு: ஏசி வோல்டாமெட்ரி பயமா?

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரியில் புராஜெக்ட் முடித்துவிட்டு மோனாஷ் பல்கலைக்கு பிஎச்.டி. செய்ய வரும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “இதுவரை டிசி சைக்ளிக் வோல்டாமெட்ரிதான் செய்திருக்கிறேன். அங்கே ஏசி முறையில் வேலை என்கிறார்கள். சமாளிப்பேனா?”

தாராளமாக, தம்பி. கரைசலில் உள்ள மின்முனைக்கு மின்னழுத்தம் கொடுத்து, ஓடும் மின்னோட்டத்தை அளப்பதுதானே வோல்டாமெட்ரி? டிசி சைக்ளிக் முறையில் அந்த மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றி இறக்குவோம். நீங்கள் கொடுத்துப் பழகிய அதே டிசி மின்னழுத்தத்தின் மேல் ஒரு சைன் அலையை ஏற்றுகிறோம், அவ்வளவுதான். சுவையே அதற்கப்புறம்தான். வினை எதுவும் நடக்காவிட்டாலும் மின்முனையும் கரைசலும் சந்திக்கும் இடத்தில் மின்தேக்கி போல இருக்கும் இரட்டை அடுக்கை நிரப்ப ஒரு மின்னோட்டம் ஓடுமே, டிசியில் அது நமக்கு வேண்டிய சிக்னலோடு கலந்து கிடக்கும். அலையின் வீச்சை 80 மில்லிவோல்ட் போலப் பெரிதாக வைத்து, கிடைக்கும் மின்னோட்டத்தை ஃபூரியே மாற்றம் என்ற கணித முறையால் அலைவெண் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நாம் கொடுத்த அலைவெண் முதல் ஹார்மோனிக், அதன் இரு மடங்கு இரண்டாவது, இப்படியே போகும். அந்த நிரப்பு மின்னோட்டம் பெரும்பாலும் முதல் ஹார்மோனிக்கிலேயே தங்கிவிடும். நான்காவது, ஐந்தாவதில் எலக்ட்ரான் கைமாறும் வினை கிட்டத்தட்டத் தனியாகத் தெரியும். முதல் தடவை பார்க்கும்போது மனசு நிறைந்துவிடும்.

இந்த நாட்டில் இதற்கு வேர் ஆழம். 1940களிலேயே சிட்னியில் ப்ரூனோ ப்ரேயர் ஏசி போலரோகிராஃபியில், அதாவது சொட்டும் பாதரச மின்முனையில் செய்யும் வோல்டாமெட்ரியில், இறங்கினார். பின்னாளில் மோனாஷில் ஆலன் பாண்டின் குழு பெருவீச்சு முறையை வளர்த்தெடுத்தது.

அலைவெண் விஷயத்தில் கவனம். நம் ஊர் போலவே இங்கும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; அதன் இரைச்சல் அளவீட்டில் கலக்கும். 10 ஹெர்ட்ஸ் வைத்தால் ஐந்தாவது ஹார்மோனிக் சரியாக அந்த இரைச்சலின் மேலேயே போய் உட்காரும். 9 வைத்தால் 45, 54 என்று விலகிவிடும். அப்புறம் கரைசலின் மின்தடை. அதைச் சரிக்கட்டாமல் விட்டால் உயர் ஹார்மோனிக்குகள் சுருங்கி, வேகமான வினையும் மந்தமானது போலக் காட்டும். மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைக்கும் ரெஃபரன்ஸ் மின்முனையை, வினை நடக்கும் மின்முனைக்கு முடிந்தவரை நெருக்கி வையுங்கள். அலுமினா பொடியில் மின்முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் கைப்பழக்கம் இங்கேயும் சோறு போடும்.

ஆய்வகத்தில் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் எதையும் தொட விடமாட்டார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள், கூச்சப்படாதீர்கள். கூட்டத்தில் பேசாமல் இருந்தால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் சந்தேகத்தை அங்கேயே கேளுங்கள்.

முதலில் அசிட்டோநைட்ரைல் கரைப்பானில், நடத்தை நன்கு தெரிந்த சேர்மமான ஃபெரோசீனைப் போட்டு ஓட்டுங்கள். ஹார்மோனிக்குகள் ஒழுங்காக வந்த பிறகு உங்கள் சேர்மத்துக்குப் போகலாம். ரூம் மோனாஷ் வளாகம் இருக்கும் கிளேட்டன் பக்கமே பாருங்கள். அளவீடு இரவு வரை இழுத்தாலும் நடந்தே வீடு திரும்பலாம்.