மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 அடி மனை வாங்கியிருக்கிறோம். மேற்குப் பார்த்த வாசல். மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள் எங்களோடு இருக்கிறார்கள். ஏசி இல்லாமல் ஏப்ரலைச் சமாளிக்கிற மாதிரி வீடு கட்ட முடியுமா?
- ஒரு வாசகி

பதில்: முடியும், சகோதரி. பிளான் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இப்போது குடியிருக்கும் வீட்டில், இரவு எட்டு மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சுவர் அப்போதுதான் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். என் பெற்றோருக்குக் கட்டிய வீட்டில் அந்தப் பக்கம் படுக்கையறை வைத்துவிட்டேன். மே மாதம் முழுக்க அம்மா ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். இன்றும் மனசு உறுத்துகிறது. அதனால் மேற்கே மாடிப்படி, குளியலறை, அலமாரி வரட்டும்; பெரியவர்கள் அறை கிழக்கே இருக்கட்டும்.

தெற்கு ஜன்னலுக்குப் பயப்பட வேண்டாம். பெங்களூரில் டிசம்பர் நண்பகலில்கூட சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். நாலடி ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு போட்டால், ஜன்னலின் கீழ்ப்பகுதியில் ஒன்றேகால் அடிக்குத்தான் வெயில் படும். குளிர்காலத்தில் மாமனாருக்கு அது இதமாக இருக்கும். மேற்கு வெயில் சாய்வாக வரும், அதைச் சன்ஷேடு தடுக்காது. வாசலோரம் ஒரு புங்கமரம் நடுங்கள்.

மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு. அப்புறம், மாடிப்படியின் உச்சியில் கொசுவலை அடித்த திறப்பு கட்டாயம் வேண்டும். சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போகும், கீழ் ஜன்னல்களில் இரவின் குளிர்ந்த காற்று உள்ளே வரும்.