"பசுவும் கூட வருமா?"

கேள்வி: 'தி கலர் பர்ப்பிள்' நாவலை இப்போதுதான் படித்தேன். கறுப்பினப் பெண்களின் கதை என்றாலே புருஷன் அடிப்பான், இல்லாவிட்டால் விட்டுவிட்டு ஓடுவான். அடிப்பவனும் கறுப்பினம், அடிபடுகிறவளும் கறுப்பினம். அந்த வீட்டுக்குள் வெள்ளைக்காரர் யாரும் வரவில்லையே! குடும்பத் தகராறுக்கெல்லாம் இனவெறியைக் காரணம் சொல்வது நியாயமா? இந்தக் கதைகளில் உருப்படியான காதல் ஒன்றாவது உண்டா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நடுவில் ஒரு கடிதத்தைப் புரட்டித் தள்ளிவிட்டீர்கள் போலிருக்கிறது. ஆலிஸ் வாக்கரின் அந்த நாவலே கடிதங்களால் ஆனது. ஒன்று விட்டுப்போனால் கதையே விட்டுப்போகும்.

கதாநாயகி சீலிக்குத் தங்கை நெட்டி எழுதுகிற கடிதம் அது. சீலியைப் பெற்ற அப்பா கடை வைத்திருந்தார். கடை நன்றாக ஓடியது. கறுப்பின வாடிக்கையாளர்கள் எல்லாம் அங்கே போகிறார்களே என்று வெள்ளை வியாபாரிகளுக்கு வயிற்றெரிச்சல். ஒரு ராத்திரி கடையைக் கொளுத்தி, அவரையும் சகோதரர்கள் இருவரையும் இழுத்துப்போய்த் தூக்கில் தொங்கவிட்டார்கள். கைக்குழந்தையும் வயிற்றுப்பிள்ளையுமாக நின்ற மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அப்போது வந்து ஒட்டிக்கொண்டவனைத்தான் சீலி அப்பா என்று நம்புகிறாள். அவளைக் கெடுத்தவன் அவன். பிறகு பெண்டாட்டியை இழந்த ஒருவன் தலையில் கட்டுகிறவனும் அவனே. மாப்பிள்ளை மாதக்கணக்கில் யோசித்துவிட்டு வந்து கேட்பது என்ன? அவளோடு தருகிறேன் என்ற பசுவும் கூட வருமா என்று! கடை எரியாமல் இருந்திருந்தால் சீலி ஒரு கடைக்காரர் மகள். பசுவை விசாரிக்கிறவன் அந்த வாசலை மிதித்திருப்பானா?

உங்கள் குறையை அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் பலரே சொல்லியிருக்கிறார்கள். 1982இல் வந்த நாவல் 1985இல் படமானபோது, எங்களை மிருகங்களாகக் காட்டுகிறது என்று கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்பது வேறு: வெள்ளைக்காரன் எங்கே என்று தேடுகிறீர்கள்.

சரி, 1937க்குப் போவோம். ஸோரா நீல் ஹர்ஸ்டன் எழுதிய 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்'. 16 வயது ஜேனி வேலியோரம் ஒரு பையனுக்கு முத்தம் கொடுப்பதைப் பாட்டி பார்த்துவிடுகிறாள். உடனே கல்யாணம், 60 ஏக்கர் நிலம் வைத்திருக்கிற, வயதில் மூத்த ஒருவனோடு. கல்நெஞ்சுக்காரக் கிழவி என்று தோன்றும். அவள் அடிமையாகப் பிறந்தவள். எஜமானன் கெடுத்துப் பிறந்த மகளை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கெடுத்தான். வெள்ளையனோ கறுப்பனோ எவனும் பேத்தியை எச்சில் துப்புகிற படிக்கமாக்கிவிடக் கூடாது என்பதுதான் அவள் பயம். காதல் கீதல் எல்லாம் அவள் கணக்கிலேயே இல்லை. கல்யாணம் ஒரு வேலி, அவ்வளவுதான். வேலிக்குள் போன ஜேனிக்கு என்ன கிடைத்தது? புருஷன் இரண்டாவது கோவேறு கழுதை வாங்கக் கிளம்புகிறான். பெண்பிள்ளையும் பிடித்து உழுகிற மாதிரி சாதுவானதாகப் பார்த்து.

அப்புறம் அவளே விரும்பிச் சேர்ந்த டீ கேக் என்பவனும் அடிக்கிறான். ஏன்? வெளுத்த நிறத்துக் கறுப்பினப் பெண் ஒருத்தி, இவ்வளவு கறுப்பானவனை ஏன் கட்டினாய், என் தம்பியைப் பார் என்று ஜேனியிடம் தூபம் போடுகிறாள். இவள் என்னுடையவள் என்று ஊருக்குக் காட்ட அடிக்கிறான். மறுநாள் கூட்டாளி ஒருவன், நீ கொடுத்துவைத்தவன், அவள் வெளுப்பாக இருப்பதால் அடித்த இடமெல்லாம் தெரிகிறது என்று பொறாமைப்படுகிறான்! அங்கே வெள்ளைக்காரர் எவரும் இல்லை, நிறம் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. (டீ கேக்கை ஹர்ஸ்டன் ரொம்பச் சுலபமாக விட்டுவிட்டார் என்பது என் வருத்தம்.)

ஓடிப்போகிறவன் பற்றியும் சொன்னீர்கள். டோனி மாரிசனின் 'பிலவ்ட்', 1987. அடிமைகளின் கல்யாணத்தைச் சட்டம் ஏற்காத காலம். சடங்கு ஏதாவது உண்டா என்று அடிமைப்பெண் செத்தி கேட்க, எஜமானி சிரித்துத் தலையைத் தொட்டுவிட்டுப் போகிறாள். தைக்கக் கிடந்த இரண்டு தலையணை உறை, மெழுகுவர்த்தி விழுந்து ஓட்டையான மேசைவிரிப்பு, ஜெல்லி வடிகட்டுகிற கொசுவலைத் துணி எல்லாம் சேர்த்து செத்தி ரகசியமாகக் கல்யாண உடுப்பு தைக்கிறாள். பிறகு பிரித்து, எடுத்த இடத்தில் வைத்துவிட வேண்டும். தப்பிக்கிற அன்று புருஷன் ஹாலி வரவில்லை. 18 வருஷம் கழித்துத்தான் செத்திக்குத் தெரிகிறது, அவன் எங்கேயும் ஓடவில்லை. வெள்ளைப் பையன்கள் அவளைப் பிடித்து வைத்துப் பாலை உறிஞ்சியதை மேலே பரணிலிருந்து பார்த்துவிட்டு, முகமெல்லாம் வெண்ணெயைப் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

உருப்படியான காதல் கேட்டீர்களே, அதுவும் இதே நாவலில் உண்டு. சிக்ஸோ என்ற அடிமைக்கு 30 மைல் தள்ளி ஒருத்தி. சனிக்கிழமை கிளம்பி 17 மணி நேரம் நடந்து போகிறான், ஒரு மணி நேரம் உட்காருகிறான், திரும்பவும் 17 மணி நேரம் நடை. திங்கட்கிழமை காலை வயலில் நின்றாக வேண்டும். அவன் களைப்பு எஜமானன் கண்ணில் படாமல் அன்று முழுக்க மறைத்தவர்களில் அந்த ஹாலியும் ஒருவன்.