அம்மாவின் கூலி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணன்,

உங்கள் வயல் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்னையில் எட்டு வருடமாக மென்பொருள் வேலை. திருவாரூர் பக்கம் அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் இருக்கிறது. வேலையை விட்டு ஊருக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன். அப்பா, "இந்தப் பாடு என்னோட போகட்டும்" என்கிறார். யூடியூபில் ஒருவர் ஏக்கருக்கு லட்சம் என்கிறார், அடுத்த வீடியோவில் ஒருவர் அழுகிறார். உண்மையில் ஏதாவது மிஞ்சுமா? மிஞ்சாது என்றால் நீங்கள் ஏன் இன்னும் செய்கிறீர்கள்? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

நேராகக் கணக்குக்கே வருகிறேன். எங்களுக்கு மன்னார்குடி பக்கம் பத்து மா. (மறந்திருந்தால்: மூன்று மா ஒரு ஏக்கர்.) சம்பா பருவத்தில் சி.ஆர். 1009 என்ற நெல் ரகம் போடுகிறோம். நன்றாக விளைந்தால் மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ. ஆக 72 குவிண்டால். 2025 செப்டம்பரில் தொடங்கிய அரசுக் கொள்முதல் பருவத்தில் சாதாரண ரகத்துக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். மொத்தம் 1,80,000. உழவு, விதை, உரம், நடவு, அறுவடை மிஷின் என்று கையை விட்டுப் போவது ஒரு லட்சத்தை ஒட்டி வரும். மிச்சம் 80,000. ஐந்து மாதம் வயலில் நிற்கும் பயிருக்கு.

இந்த 80,000-ஐத்தான் எங்கள் அப்பா கடைசிவரை லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு வருடம் நோட்டுப் போட்டுப் பார்த்தேன். அம்மா களையெடுத்தது, நான் ராத்திரியில் மடை பார்த்தது, மனைவி நடவாட்களுக்குச் சமைத்தது எல்லாம் சேர்த்து 150 ஆள் வேலை. ஆளுக்கு 400 ரூபாய் என்று போட்டால் 60,000. மிஞ்சியது 20,000. அம்மாவிடம் காட்டினேன். "என் வயல்ல நான் களை எடுத்ததுக்கு யாருடா கூலி குடுப்பா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று, டெல்லியில் இதற்குத் தனிக் கணக்கே இருக்கிறது. ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் ஆணையம், கைக்காசாகப் போன செலவை ஒன்றாகவும், அதோடு வீட்டார் உழைப்புக்கு மதிப்புப் போட்டுச் சேர்த்ததை இன்னொன்றாகவும் கணக்கிடுகிறது. சொந்த நிலத்துக்கான வாடகை, முதலுக்கான வட்டி எல்லாம் சேர்த்தது மூன்றாவது. ஆதரவு விலை செலவைப் போல ஒன்றரை மடங்கு என்று 2018 பட்ஜெட்டில் சொன்னார்கள்; அதை அரசு கணக்கிடுவது இரண்டாவதன் மேல். விவசாய சங்கங்கள் கேட்பது மூன்றாவதன் மேல். ஆணையத்தின் இந்தக் கணக்கும் பல மாநிலச் செலவுகளைச் சேர்த்துப் போட்ட சராசரி. எங்கள் வீட்டு நோட்டு அதோடு ஒத்துப்போனதே இல்லை.

உங்கள் அப்பா வராதே என்று சொல்வது இந்த நோட்டைப் போடாமலே அவருக்குத் தெரியும் என்பதால் இருக்கலாம்.

மழையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே எரிச்சல் வருகிறது. 2023 பிப்ரவரி முதல் வாரம், அறுவடை சமயத்தில் கொட்டியது. ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேல் இருந்தால் கொள்முதலில் இடிக்கும். நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைப்பதும், தூறல் விழுந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடுவதுமாகப் பதினோரு நாள். ராத்திரியில் குவியலுக்குப் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தேன். கொசு வேறு.

சரி, ஏன் செய்கிறேன்? உளுந்துக்காக என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

தை மாதம், சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்போம். கால் புதையக் கூடாது, ஆனால் தடம் பதிய வேண்டும். அந்த ஈரம் ஓரிரு நாள்தான் இருக்கும். அம்மா விடிகாலையில் வரப்பில் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்து "இன்னிக்கு" என்பார். அவ்வளவுதான், வீடு மொத்தமும் இறங்கும். என் மகள் பள்ளிக்கூடச் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் தெளித்துவிட்டுப் போவாள். அதற்கப்புறம் தண்ணீர் கிடையாது, உரம் கிடையாது. அடி ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்து எழுபது நாளுக்குள் காய் முற்றிவிடும். அறுவடை மிஷினின் தடத்தில் கொஞ்சம் நசுங்கும். முன்பு ஆட்களை வைத்து அறுத்தபோது அந்தச் சேதம் இல்லை, இப்போது அத்தனை ஆளுக்கு எங்கே போவது? நசுங்கியது போக மீதி, அறுத்த நெல் தாள்களுக்கு நடுவே பச்சையாகத் தலை தூக்கும். வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு யோசனை என்றால், வேலையை இப்போது விடாதீர்கள். ஒரு சம்பாவுக்கு அப்பாவோடு சேர்ந்து நோட்டுப் போடுங்கள். உங்கள் அம்மாவின் நாட்களை மறக்காமல் எழுதுங்கள். அதைக் கூட்டிப் பார்த்த பிறகும் போகத் தோன்றினால் போங்கள்.

தை பிறந்து ஒரு வாரம் லீவு கிடைத்தால் இங்கே வாருங்கள். உளுந்து தெளிக்க ஆள் குறைகிறது. கூலி உண்டு, நோட்டிலும் ஏறும்.

அன்புடன்,
அண்ணன்