கிளையல் செல்களைத் தூண்டலாமா?

அன்புள்ள ஐயா,

என் அண்ணனுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று போன வருடம் சொன்னார்கள். “நரம்பு ஒயர் மாதிரி. ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது, மேலே இருக்கும் உறைதான் போகிறது” என்றார் டாக்டர். அந்த உறையைச் செய்வது, மூளையில் நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் கிளையல் செல்கள் என்று தெரிந்ததும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மூளையில் 90 சதவீதம் இவைதான், நியூரான் வெறும் 10 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பள்ளியில் நியூரான் படத்தை மட்டும்தானே வரைந்தோம்? ஒரு வீடியோவில் “கிளையல் செல்களைத் தூண்டும்” மாத்திரை விற்கிறார்கள், மறதி நோய்க்கும் நல்லதாம். வாங்கலாமா? போன உறை திரும்ப வருமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

மாத்திரை வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

முதலில் அந்த 90 சதவீதக் கணக்கு. பாடப்புத்தகங்களிலேயே பல காலம் இருந்ததுதான். 2009-ல் பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ ஹௌசல் குழுவினர் ஒரு முரட்டு வேலை செய்தார்கள். இறந்துபோன நான்கு ஆண்களின் மூளைகளை வெட்டிக் கரைத்து, செல்களின் உட்கருக்கள் மட்டும் மிதக்கும் திரவமாக்கி, சீராகக் கலக்கி, துளி எடுத்து எண்ணினார்கள். நியூரான்கள் சுமார் 8,600 கோடி. மற்ற எல்லாச் செல்களும் சேர்த்து சுமார் 8,500 கோடி, அதிலும் இரத்தக்குழாய்ச் செல்கள் அடக்கம். ஆக, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. இடத்துக்கு இடம் விகிதம் மாறும்: பெருமூளைப் புறணியில் கிளையல் பக்கம் கை ஓங்கியிருக்கும், சிறுமூளையில் நியூரான்கள் குவிந்து கிடக்கும். ஐன்ஸ்டீன் மூளையில் கிளையல் செல்கள் அதிகம் என்ற கதையும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். 1985-ல் வந்த ஆய்வு அது. பார்த்த நான்கு இடங்களில் ஒரே இடத்தில்தான் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரிந்தது, அதுவும் ஒரே ஒரு ஐன்ஸ்டீனை வைத்து. விட்டுவிடலாம்.

எண்ணிக்கை குறைந்ததால் முக்கியத்துவம் குறையவில்லை. ஆஸ்ட்ரோசைட் என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நியூரான் அடுத்ததைத் தூண்ட குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியே விடுகிறது. வேலை முடிந்ததும் அது அங்கேயே தங்கிவிட்டால் அடுத்த நியூரான் ஓய்வே இல்லாமல் தூண்டப்பட்டுச் செத்துப்போகும். பக்கவாதத்தில் ஓரளவு நடப்பது இதுதான். பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் அதை உள்ளே இழுத்து, அம்மோனியாவைச் சேர்த்து, குளூட்டமின் என்ற சாதுவான பொருளாக மாற்றி, நியூரானிடமே திருப்பிக் கொடுக்கிறது.

இந்த வேலை கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல்லீரல் பழுதான ஒருவருக்கு இரத்தத்தில் அம்மோனியா ஏறுகிறது. மூளைக்குள் வரும் அம்மோனியாவை அடக்கும் பொறுப்பு ஆஸ்ட்ரோசைட்டுக்கு. அது குளூட்டமினாக மாற்றி மாற்றி, உள்ளே குளூட்டமின் சேர்ந்து, நீரை இழுத்து வீங்குகிறது. அப்புறம் ஆள் இரவில் தூங்காமல் பகலில் தூங்குவார், தேதி குழம்பும். இரு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னால், கை நொடிக்கொரு தரம் தொய்ந்து விழுந்து மறுபடி எழும். அம்மோனியாவைக் குறைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். நியூரான் சாகவில்லை, அதைப் பார்த்துக்கொள்ளும் செல் திணறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்தத் ‘தூண்டல்’ விஷயம். வீடியோக்காரர் மனதில் இருப்பது அநேகமாக மைக்ரோகிளியா என்ற இன்னொரு கிளையல் வகை, மூளையின் நோய் எதிர்ப்புச் செல். சும்மா இருக்கும்போது அது ஓய்வில் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2005-ல் உயிருள்ள எலியின் மூளைக்குள் நுண்ணோக்கியால் பார்த்தபோது, அதன் மெல்லிய கிளைகள் நீண்டும் சுருங்கியும் ஓயாமல் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. லேசரால் சின்னக் காயம் செய்தால் சில நிமிடங்களில் கிளைகள் அங்கே போய் மொய்த்தன. இவை குப்பையைத் தின்னும். வளரும் மூளையில் வேண்டாத நரம்பிணைப்புகளையும் தின்னும், அது தேவையான வேலை.

அல்சைமர் என்ற மறதி நோயில் இதே செல் இரண்டு பக்கமும் ஆடுகிறது. ட்ரெம்2 என்ற மரபணு மூளையில் முக்கியமாக மைக்ரோகிளியாவில்தான் இயங்குகிறது. அதன் ஒரு அரிய திரிபு இருப்பவர்களுக்கு அல்சைமர் வரும் அபாயம் சுமார் மூன்று மடங்கு என்று தெரியவந்தது. அந்தத் திரிபில் செல் மந்தமாகிறது, அமிலாய்டு என்ற புரதம் மூளையில் சேர்ந்து உண்டாகும் படிவைச் சரியாகச் சூழ்ந்து கட்டுப்படுத்துவதில்லை. அப்படியென்றால் தூண்டுவது நல்லதா? பொறுங்கள். அல்சைமர் போன்ற நோய் வரவைத்த எலிகளில், படிவு தோன்றும் முன்பே மைக்ரோகிளியா நல்ல இணைப்புகளைத் தின்னத் தொடங்குவதை 2016-ல் காட்டினார்கள். அங்கே அடக்க வேண்டியிருக்கும். எந்தச் செல்லை, நோயின் எந்தக் கட்டத்தில், எந்த வேலைக்குத் தூண்டுகிறோம் என்று சொல்லாத மாத்திரை, எதையும் செய்யாமல் இருந்தால் அதுவே அதிர்ஷ்டம்.

(அந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அல்சைமர் 1907-ல் எழுதிய கட்டுரையிலேயே கிளையல் செல்களுக்குள் கொழுப்பு சேர்ந்திருப்பதைக் குறித்திருக்கிறார். அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேல் படிவுகளையும் நியூரானுக்குள் உண்டாகும் முடிச்சுகளையும் பற்றியே பேசினோம். பள்ளிப் படத்தைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானதுதான்.)

சரி, அண்ணனுக்கு வருவோம். டாக்டர் சொன்ன ஒயர் உதாரணம் பாதிவரை உதவும். மையலின் உறை இல்லாத மெல்லிய இழையில் சமிக்ஞை வினாடிக்குச் சுமார் 1 மீட்டர்தான் ஓடும், உறை போட்ட தடித்த இழையில் 100 மீட்டரையும் தொடும். ஆனால் ஒயரின் உறை ஒயருக்குச் சோறு போடாது. இங்கே போடுகிறது. உறையைச் செய்யும் ஒலிகோடென்ட்ரோசைட் என்ற கிளையல் செல், உள்ளே இருக்கும் நரம்பிழைக்கு லாக்டேட் என்ற எரிபொருளையும் கொடுக்கிறது. அதனால் உறை போன இழை முதலில் மெதுவாகிறது, கவனிக்காமல் விட்டால் வருடக்கணக்கில் இழையே நலிகிறது. ‘ஒயர் நன்றாக இருக்கிறது’ என்பது இன்றைக்குப் பெரும்பாலும் உண்மை. அது நாளைக்கும் உண்மையாக இருக்கத்தான் மருந்து.

உறை திரும்ப வருமா என்றால், வரும், ஓரளவு. பெரியவர்களின் மூளையிலும் ஒலிகோடென்ட்ரோசைட்டாக மாறக்கூடிய முன்னோடிச் செல்கள் பரவிக் கிடக்கின்றன. உடலின் எதிர்ப்புச் செல்கள் உறையைத் தாக்குவதுதான் இந்த நோய்; அந்தத் தாக்குதல் ஓய்ந்த இடங்களில் அவை புது உறை சுற்றும். பழையதைவிட மெல்லியது, ஆனாலும் சமிக்ஞை ஓடும். வயது ஏற ஏற இந்தத் திறன் குறையும். இதை வேகப்படுத்தும் மருந்துகள் இன்னும் சோதனையில்தான் இருக்கின்றன. இப்போது தரப்படும் மருந்துகள், அந்தத் தாக்குதலைக் குறைக்கின்றன. அவற்றால் உடம்பு ‘நன்றாகிவிட்டது’ போலத் தெரியாது, அதனால்தான் பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். அண்ணன் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் புகைபிடிப்பவராக இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், இந்த நோய் வேகமாக முற்றுவதற்கும் புகைக்கும் தொடர்பு உண்டு. அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, போன எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு புதுத் தழும்பு ஏதும் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை அறிய அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான்.