வரும்... ஆனா வராது: டீச்சருக்கு ஒரு பதில்

வணக்கம் அண்ணா,
கோத்தகிரி பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். ஹோம்வொர்க் எங்கடான்னு கேட்டா “வரும் ஆனா வராது மிஸ்”ங்கறான் ஒருத்தன், கிராமர் எடுத்தா “தேவையில்லாத ஆணி”ங்கறான் இன்னொருத்தன். எல்லாமே வடிவேலு டயலாக். இது எங்கிருந்துதான் வந்துச்சு, இப்படியே போனா சொந்தமா ஒரு வார்த்தை பேசுவாங்களா?
- ஒரு வாசகி

வணக்கம் டீச்சர்,

முதல்ல ஒண்ணு. “வரும் ஆனா வராது” வடிவேலு டயலாக்கே இல்ல. 2007ல வந்த ‘தொட்டால் பூ மலரும்’ படத்துல வடிவேலு கேள்வி கேட்பார், பதில் சொல்றது என்னத்த கன்னையா. அந்த இழுவை இருக்கே, “வரும்...”னு நம்பிக்கை குடுத்துட்டு ஒரு மூச்சு விட்டு “ஆனா வராது”ன்னு புடுங்கிக்கறது, அது அவர் ஒருத்தருக்குத்தான் வரும். அவருக்கு அந்தப் பேரே 1967ல வந்த ‘நான்’ படத்துல “என்னத்த”ன்னு சலிச்சுக்கிட்டே பேசுனதால வந்ததுதான். ஒரு வார்த்தை நாப்பது வருஷம் ஒரு மனுஷனுக்குப் பேரா இருந்து, கடைசில அவரே இன்னொரு வார்த்தைய ஊருக்குக் குடுத்துட்டுப் போனார், எனக்கு அவர் மேல தனி மரியாதை.

படத்துல சொன்னதோட நின்னிருந்தா அது செத்திருக்கும் டீச்சர். எங்க ஊர் இலை எடை போடுற ஷெட்டுல போய் நில்லுங்க. சாக்க தராசுல ஏத்திட்டு ஒருத்தர் “பச்சை தேயிலைக்கு இந்த மாசம் வெல ஏறும்ங்கறாங்களே”ன்னு கேட்பார், பக்கத்துல இருக்கற அக்கா நிமிர்ந்துகூட பாக்காம “ஏறும்... ஆனா ஏறாது”ம்பாங்க. அந்தப் படத்த அவங்க பாத்திருக்கவே மாட்டாங்க. ஆனா சின்ன விவசாயியோட இத்தன வருஷ வயித்தெரிச்சல் மொத்தமும் அந்த மூணு வார்த்தைல வந்துடுது. வினைச்சொல்ல மாத்திப் போட்டாங்க பாருங்க, அது சொந்தப் பேச்சு இல்லாம வேற என்ன?

ஒரு டயலாக் யார் முதல்ல சொன்னாங்கங்கறத விட ரெண்டாவதா யார் வாயில விழுந்துச்சுங்கறதுதான் முக்கியம்னு நான் நெனைக்கறேன். “என்ன கொடுமை சரவணன் இது” 2005ல சந்திரமுகில பிரபு மனசு நொந்து சொன்னது, சிரிக்கறதுக்கு இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு சென்னை 28ல பிரேம்ஜி “என்ன கொடுமை சார் இது”ன்னதும்தான் கரண்ட் போனாலும் பஸ் லேட்டானாலும் எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சாங்க.

ஆணி மேட்டர் இன்னும் பெருசு. அது 2001ல ‘ஃப்ரெண்ட்ஸ்’ல காண்ட்ராக்டர் நேசமணியா வர்ற வடிவேலு ஆணி புடுங்கறவன்கிட்ட, நீ புடுங்கறது பூராம் தேவையில்லாத ஆணிதான்னு கத்தறது. அந்த நேசமணி தலைலதான் சுத்தியல் விழும். 2019 மே மாசம் ஃபேஸ்புக்ல ஒரு இன்ஜினியரிங் பேஜ்ல சுத்தியல் படத்தப் போட்டு உங்க நாட்டுல இதுக்கு என்ன பேருன்னு கேட்க, நம்மாளு ஒருத்தர் சுத்தியல்னு சொல்லி, இது விழுந்துதான் நேசமணிக்கு தலைல அடின்னு எழுத, அவருக்கு இப்ப எப்படி இருக்குன்னு இன்னொருத்தர் கேட்க, அவ்ளோதான், பிரதமர் பதவியேற்கற நேரத்துல ட்விட்டர் பூரா நேசமணிக்குப் பிரார்த்தனை. பதினெட்டு வருஷப் பழைய காமெடி!

அதனால பசங்கள திட்டாதீங்க. டயலாக்க அப்படியே ஒப்பிச்சா விட்டுடுங்க, மாத்திச் சொன்னா பாராட்டுங்க. அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்க க்ளாஸ்ல டான்டீ (தமிழ்நாடு அரசோட தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகள்லருந்து வர்ற பசங்க இருந்தா, 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கப்புறம் சிலோன்லருந்து வந்த குடும்பமா இருக்கும். பாட்டிகிட்ட “அரைப்பேரு”ன்னா என்னன்னு கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க. சிலோன் தோட்டத்துல பறிச்ச கொழுந்து கிலோ கொறஞ்சா அரை நாள் சம்பளம்தான், அதுதான் அரைப்பேரு. அந்தத் தோட்டத்துப் பேச்செல்லாம் படத்துலருந்து வந்தது இல்ல. பசங்க என்ன எழுதிட்டு வந்தாலும் எனக்கு அனுப்புங்க, இங்கயே போடறேன்.